ஒரே கேமரா, இரண்டு கழுத்து

உலகோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மருந்துக்கடை மாடியில் இருபத்தாறு ஆண்டுகளாக இயங்கிவரும் எங்கள் ஸ்டூடியோ, போட்டோவுக்கு ஒன்று வீடியோவுக்கு ஒன்று என்று இரண்டு கேமராக்களோடு அல்லாடியது போதும் எனத் தீர்மானித்து, இரண்டையும் எடுக்கும் ஒரே கேமராவை வாங்குவது என்ற மாபெரும் முடிவுக்கு வந்தது. முடிவு எடுக்கப்பட்ட இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. எடுத்தவன் என் மச்சினன். தலையாட்டி நிறைவேற்றியவள் அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி. நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

மச்சினன் எப்படி இறந்தான் என்று சொல்ல வந்தவன் கேமராக் கதை பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. இரண்டும் ஒன்றுதான். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை, அவனுக்கும் இல்லை.

நான் போட்டோகிராபர். என் விசிட்டிங் கார்டில் அந்த ஒரு சொல்தான் இருக்கும். மச்சினன் கார்டில் ‘காட்சிக் கவிஞர்’ என்று இருக்கும், தங்க எழுத்தில், கொஞ்சம் மேடு தட்டி, கண் தெரியாதவர்களும் தடவிப் புரிந்துகொள்ளட்டும் என்பதுபோல. வயது முப்பத்துநாலு. எட்டு வருடமாக எங்கள் ஸ்டூடியோவில் வீடியோ எடுக்கிறான். நான் அவனைக் கவிஞர் என்றே கூப்பிடுவேன். அதைக் கேலி என்று அவன் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

ஒருமுறை பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனிக்கு விளம்பரம் எடுத்தோம். கவிஞர் தொட்டியை நாலு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“மாமா, இது வெறும் தொட்டி இல்ல. இது ஒரு காத்திருப்பு.”

“ஆயிரம் லிட்டர், தம்பி” என்றேன்.

“அதான் மாமா. ஆயிரம் லிட்டர் காத்திருப்பு.”

தொட்டிக்காரர் கண் கலங்கிவிட்டார். இந்த ஜனங்களைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல.

கேமராவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் நீங்க பாத்துக்குங்க மாமா. எனக்கு ஃபீல் வந்தாப் போதும்” என்று கவிஞர் அருளினார். நாற்பது நாள் பார்த்தேன். இணையத்தில் கேமராவுக்குத் தீர்ப்பு வழங்க ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தாடி. அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கிற டாக்டர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எடுத்ததும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற பூனையைப் படம் பிடிப்பார்கள். பூனையின் மீசை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது பாருங்கள் என்பார்கள். எனக்கு இருபத்தாறு வருடத்தில் ஒரு பூனைகூட வாடிக்கையாளராக வந்ததில்லை.

கடையிலும் போய்ப் பார்த்தேன். விற்பனையாளர் டை கட்டியிருந்தார்.

“சார், இது ரெண்டையும் பண்ணும்.”

“சரி. எதை நல்லாப் பண்ணும்?”

“ரெண்டையும் சார்.”

“எங்க வீட்டுல சோபா கம் பெட் ஒண்ணு இருக்கு. அதுவும் ரெண்டையும் பண்ணும்னுதான் குடுத்தாங்க. உக்காந்தா முதுகு வலிக்குது, படுத்தா கழுத்து வலிக்குது.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க அவருக்குப் பயிற்சி தரவில்லை போலும்.

கடைசியில் இரண்டு கேமராக்கள் தேறின. இரண்டிலும் படம் துல்லியம், இரண்டிலும் மெமரி கார்டு போட இரண்டு இடம், இரண்டும் ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். ஒன்று கொஞ்சம் பருமன்; சூடாகாமல் இருக்க உள்ளே சின்ன விசிறி வைத்திருந்தார்கள். மற்றது ஒல்லி, விசிறி இல்லை. தொடர்ந்து அரை மணி நேரம் வீடியோ எடுத்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும் என்று தாடிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் எச்சரித்திருந்தார்கள். நான் ஒல்லியைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் கேட்டதற்கு, கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றேன். உள்ளபடி சொன்னால், ஒரு பெரிய மனிதரின் முன்னால், காவியத்தின் நட்ட நடுவில், கவிஞர் கையில் அது அணைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அற்ப ஆசைதான். யாரும் அதற்காகச் சாக மாட்டார்கள்.

அது ஒரு நாளும் சூடாகவில்லை. கவிஞர் நாற்பது விநாடிக்கு மேல் எதையும் தொடர்ந்து எடுத்ததே கிடையாது என்பதை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன்.

கேமரா வந்த அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. கேமரா ஒன்று, வார் ஒன்று, கழுத்து இரண்டு. தாடிக்காரர்கள் யாரும் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. கவிஞர் பெட்டியைப் பிரித்தார், வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “போட்டோ எடுக்கணும்னா கேளுங்க மாமா, கழட்டித் தர்றேன்” என்றார். பக்கத்து இலைக்காரரிடம் உப்பு கேட்பது மாதிரி நான் கேட்க வேண்டும். இரண்டு மாதம் கேட்டேன். அதற்குள் கவிஞர் கேமராவின் தலையில் இருக்கிற திருகைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பக்கம் திருகினால் வீடியோ, மறுபக்கம் திருகினால் போட்டோ. அதன்பிறகு கழட்டித் தரவேண்டிய அவசியமே வரவில்லை.

என்னுடைய பழைய போட்டோ கேமராவை, இரண்டு கேமரா இருந்தால் இரண்டு மாதிரி நிறம் வரும் என்று சொல்லி, என் மனைவி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஸ்டூடியோவின் முன்மேசை, ஆல்பம் எல்லாம் அவள் பொறுப்பு. நிறம் அவளுக்கு முக்கியம்.

எனக்கு மிஞ்சிய வேலை பெல்ட்டைப் பிடிப்பது. இதை உங்களுக்கு விளக்க வேண்டும். ஒருவர் நடந்து வருவதை முன்னாலிருந்து எடுக்கும்போது, வீடியோக்காரர் பின்னோக்கி நடப்பார். கண் திரையில் இருக்கும், முதுகுப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே பின்னாலிருந்து ஒருவர் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வழிநடத்துவார். படி, வயர், திரும்பு, நில் என்று சொல்லிக்கொண்டே வருவார். வண்டியில் பூட்டிய மாட்டைப் பின்னுக்கு நடத்துவதற்கு என்ன தேர்ச்சி வேண்டுமோ அதே தேர்ச்சி போதும். இருபத்தாறு வருட அனுபவம் தேவையில்லை.

பழைய வீடியோ கேமராவுக்கு மைக் தனியாக, பேசுகிறவரின் சட்டையில் இருந்தது. என் சத்தம் அதில் விழாது. புதியதில், வயர் எதற்கு என்று கவிஞர் கேமராவின் மேலேயே ஒரு மைக்கைச் செருகிவிட்டார். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விளம்பரம் எடுத்தோம். தலைமை ஆசிரியை நடைவழியில் நடந்தபடி, எங்கள் மாணவர்கள் வாழ்வில் உயர்வார்கள் என்று பேசிக்கொண்டு வருகிறார். கவிஞர் பின்னோக்கி நடக்கிறார். பின்னால் மூன்று படிகள். நான் “படி, படி, படி” என்றேன்.

வீடியோவில் அது கணீரென்று பதிந்திருந்தது. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும் அசரீரி என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை, என்ன ஒரு உத்தி என்று கவிஞரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கவிஞர் பாராட்டை வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“இனிமே வாயே திறக்காதீங்க மாமா. என் ஃப்ரேமுக்கு ஒரு மௌனம் இருக்கு, அதுக்குள்ள பூந்து படி படின்னு கத்துறீங்க. நான் நிக்கணும்னா பெல்ட்டை ஒரு இழு இழுங்க, நின்னுடுறேன். நீங்க இழுக்காதவரைக்கும் நான் பாட்டுக்கு வந்துட்டே இருப்பேன். புரியுதா?”

“புரியுது.”

“எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“பேசக்கூடாது. இழுத்தா நிப்பே. இழுக்கலேன்னா வந்துட்டே இருப்பே.”

வீட்டிலும் அக்காவிடம் ஒருமுறை ஒப்பிக்கச் சொன்னான். அவள் சிரித்தாள். அவள் இதற்குச் சாட்சி. விதி அவனுடையது, ஐயா. வேண்டுமானால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து மெத்தைக் கம்பெனி. அவர்களுக்கு ஆண்டுக் காலண்டருக்குப் படங்கள் வேண்டும், கூடவே ஒரு வீடியோ. தொழிற்சாலையில் மெத்தை உறை தைக்கிற ஒரு அம்மா இருந்தார். அறுபது வயது இருக்கும். நல்ல முகம். நான் கவிஞரிடம் கேமராவைக் கேட்டேன். அதிசயமாகப் பத்து நிமிடம் தந்தார். விளக்கை இடது பக்கம் வைத்து, பின்னால் கறுப்புத் துணி கட்டி, அந்த அம்மாவைத் தையல் மிஷின் முன்னால் உட்காரவைத்து அறுபத்துநாலு படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் இலக்கணம். பிறகு கவிஞர் கேமராவை வாங்கி மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாக வீடியோ எடுத்தபடி நடந்து போனார். அந்த அம்மாவைத் தாண்டிப் போக அவருக்கு மூன்று விநாடி ஆனது. அந்த மூன்று விநாடியில் அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஏதோ நினைவில், யாரையும் பார்க்காமல் கொஞ்சம் சிரித்திருக்கிறார்.

வீடியோவில் இருந்து ஒரு ஃப்ரேமை உருவி எடுத்து, கவிஞர் அதையும் என்னுடைய படங்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார். உருவுவது என்றால், ஐயா, ஒரு பொத்தானை அழுத்துவது. ஓடுகிற வீடியோவை நிறுத்தி, நின்ற இடத்தைப் படம் என்று சொல்லிக்கொள்வது. மீன் பிடிக்கத் தெரியாதவன் குளத்தையே இறைத்த கதை.

மெத்தை முதலாளி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “சார், அந்த நூல் கடிக்கிற படம். அதான் சார் அனுபவம்கிறது. கரெக்டா அந்த செகண்ட்ல அமுக்கியிருக்கீங்க பாருங்க. சின்னப் பசங்களுக்கு வருமா இது?”

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கவிஞர் கையமர்த்தினார். “நீங்க எடுத்ததாவே இருக்கட்டும், விடுங்க மாமா” என்று மெதுவாகச் சொன்னார். பெருந்தன்மை. காலண்டர் அட்டையில் அந்தப் படம் வந்தது. கீழே என் பெயர் வந்தது. வீட்டுச் சுவரில் என் மனைவி அதை மாட்டினாள். வருகிறவர்களிடம் எல்லாம், “இவர் எடுத்ததுதான்” என்பாள். சொல்லும்போது தம்பியை ஒரு பார்வை பார்ப்பாள். அவனும் அவளை ஒரு பார்வை பார்ப்பான். சோறு போட்ட வீட்டில் பிச்சைக்காரனுக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற பார்வை. பிச்சைக்காரன் நான் என்பதால் எனக்கு நன்றாகவே தெரியும்.

படம் சுமார்தான் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். ஓரத்தில் ஒரு வாளியின் காது தெரிகிறது.

காலண்டர் வந்த மூன்றாவது வாரம் அதே மெத்தைக் கம்பெனியின் புதுக் கிடங்கில் வேலை. காரில் போகும்போது கவிஞர் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினார்.

“மாமா, தப்பா நினைக்காதீங்க. இந்த ஜாப் முடிஞ்சதும் நீங்க ஸ்டூடியோவுலயே இருங்க. அக்காவுக்கு ஆல்பத்துல கை குடுங்க. ஆபீஸ் ஐடி கார்டுக்கு, பாஸ்போர்ட்டுக்குன்னு யாராவது வந்தா எடுத்துக் குடுங்க. வெளி வேலைக்கு நான் ஒரு ஆளப் போட்டுக்கறேன்.”

“பெல்ட்டைப் பிடிக்கவா?”

“அதுக்கும்தான். உங்களுக்கும் வயசாகுதுல்ல.”

பாஸ்போர்ட் படம். வெள்ளைத் துணி, நேர்ப்பார்வை, பல் தெரியக்கூடாது. என் கண்ணுக்கு அவன் ஒதுக்கிய மிச்ச வாழ்க்கை அது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நல்ல யோசனை என்றேன்.

கிடங்கின் மாடிக்குப் போனோம். காலை பதினொரு மணி. புதுப் பெயின்ட் வாசனை. பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு கோடியில் சரக்கு லிஃப்டுக்கான திறப்பு. லிஃப்ட் இன்னும் வரவில்லை. கதவு இல்லை. சுவரில் அடித்த இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மஞ்சள் கயிறு மட்டும் கட்டியிருந்தார்கள். அந்தத் திறப்பு வழியாக நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதை நானும் கவனித்தேன், கவிஞரும் கவனித்தார். வெளிச்சம் பார்க்கத் தெரியாது என்று அவனைச் சொல்ல முடியாது.

முதலில் போட்டோ. திறப்பு பின்னால் தெரிய, மெத்தைகளை எடுத்தான்.

“மாமா, அந்தக் கயிறு ஃப்ரேமுக்குள்ள அசிங்கமா நிக்குது. அவுத்துடுங்க.”

அவிழ்த்தேன். அவிழ்க்கச் சொன்னது அவன். சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் போட்டோ முடிந்து வீடியோ தொடங்க இருபது நிமிடம் ஆகும். என் கேமராவை நான் பையில் வைப்பேன். அவன் கேமராவை அவன் எடுப்பான், ஸ்டாண்டைப் பிரிப்பான், மைக்கை மாட்டுவான். ஆளுக்கொரு டீ குடிப்போம். அந்த இருபது நிமிடத்தில் உலகத்தில் அவிழ்த்த எல்லாக் கயிற்றையும் யாராவது ஒருவர் திரும்பக் கட்டிவிடுவார். இப்போது ஒரு திருகுதான். திருகினான். இரண்டு விநாடி. கயிறு என் கையிலேயே இருந்தது.

முதலாளி மெத்தை அடுக்கின் பக்கம் நின்றார். திறப்பிலிருந்து வருகிற வெளிச்சம் அவர் முகத்தில் விழ, அந்த வெளிச்சத்தை நோக்கி அவர் நடந்து வரவேண்டும். கவிஞர் அவருக்கு முன்னால், முதுகைத் திறப்பின் பக்கம் வைத்துப் பின்னோக்கி நடப்பார்.

“நான் நடந்து வந்தாப் போதுமா தம்பி?”

“நடக்காதீங்க சார். பயணிங்க. லென்ஸை மட்டும் பாருங்க. என்ன ஆனாலும் வேற எதையும் பாக்காதீங்க.”

முதலாளி கீழ்ப்படிகிறவர். லென்ஸை மட்டுமே பார்த்தார். அதனால்தான் உங்களுக்குச் சாட்சி கிடைக்கவில்லை.

பதினோரு அடி தூரம். நான் பெல்ட்டைப் பிடித்தேன். உறக்கம் என்பது ஒரு வரம் என்று முதலாளி தொடங்கினார். கவிஞர் பின்னோக்கி வந்தார். நான் பேசவில்லை. அவன் ஃப்ரேமின் மௌனத்தை நான் கலைக்கவில்லை. இழுக்கவும் இல்லை. இழுக்காதவரை வந்துகொண்டே இருப்பேன் என்று சொன்னவன், சொன்ன சொல் மாறாமல் வந்தான். எட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரு விதியை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தது அன்றைக்குத்தான். திறப்பு வந்ததும் நான் பக்கவாட்டில் ஓரடி ஒதுங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலாளியின் கண்ணைக் கேமரா கடைசிவரை ஃபோகஸில் வைத்திருக்கிறது. பிறகு கூரை. கீழ்த்தளத்தில் மெத்தைகளை இறக்கிப் போட்டிருந்தார்கள். கேமரா மெத்தையில் விழுந்தது. அவன் இரண்டடி தள்ளி விழுந்தான்.

அன்றைக்கு நீங்கள் எழுதிய அறிக்கையின் நகல் எனக்கு வந்தது. மரியாதையோடு சொல்கிறேன், அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ‘உதவியாளர் பெல்ட்டைப் பிடித்திருந்தும் பிடி நழுவியதால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உதவியாளர் அல்ல. அந்த ஸ்டூடியோவின் உரிமையாளர். முதலில் அதைத் திருத்தச் சொல்லித்தான் வரலாம் என்று இருந்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பிழையை என்னால் விட முடியவில்லை. பதினாறாம் நாள் என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க மேல தப்பில்லங்க. ‘மாமாவுக்குக் கை நடுங்குதுக்கா, கேமராவைத் தூக்க விடாதே’ன்னு தம்பி ஒரு வருஷமாச் சொல்லிட்டுத்தான் இருந்தான். நீங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் ரெண்டையும் எடுக்கிற கேமராவா வாங்கலாம்னு சொன்னான். பெல்ட்டு கைய விட்டு நழுவிருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க?”

சொல்லிவிட்டு அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். பாவம், வயசான மனுஷன், பிடிச்சுப் பாத்தாராம், பிடி நிக்கலையாம் என்கிறார்கள். சிலர் பேசும்போது என் விரல்களைப் பார்க்கிறார்கள். டீ டம்ளரை என் இரண்டு கைக்குள்ளும் சேர்த்து வைத்துக் கொடுக்கிறார்கள்.

ஐயா, என் கை நடுங்கவில்லை. பெல்ட் நழுவவில்லை. எட்டாவது அடியில் திறப்பு நெருங்கியது. அப்போது விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன், அவனுக்குத் தெரியாதபடி, கடைசியாகச் சுண்டுவிரலை. நடுங்குகிற கையால் அப்படிச் செய்ய முடியாது. அறிக்கையில் ‘நழுவியதால்’ என்பதை அடித்துவிட்டு ‘விட்டதால்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். எழுத்து கோணாமல் வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

எதற்காக விட்டீர்கள் என்று கேட்கிறீர்கள். வரும் வழியில் இதற்கு நிறையச் சொற்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். தொழில் தர்மம், மரியாதை, இருபத்தாறு வருடம், உருவி எடுத்ததெல்லாம் படமா என்று. நீங்கள் பேனாவை மூடிவிட்டுக் காத்திருக்கிறீர்கள்.

அந்த நூல் கடிக்கிற படம் நன்றாக இருந்தது.